கடலில் ஓடிய வான்

யோகேஸ்வரியை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சிட்னியின் மேற்கே டூங்கபியில் யாரும் இல்லை. வீட்டிலும் யோகா, கோயிலிலும் யோகா, வேலையிடத்திலும் யோகா. வேலையிடத்தில் மட்டும் இந்தப் பெயரால் ஒரு தொல்லை இருந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் அவள் யோகாசனம் படிப்பிக்கிறவள் என்று நினைத்து, தேநீர் இடைவேளையில் வந்து முதுகுவலிக்கு வழி கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் மறுத்துப் பார்த்தாள். பிறகு, "மத்தியானம் சாப்பிட்டதும் கார்த் தரிப்பிடத்தை இரண்டு தரம் சுற்றி நட" என்று சொல்லி அனுப்பத் தொடங்கினாள். பலருக்குச் சுகம் வந்தது.

அது காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலை. பதினாலு வருடமாக யோகா அங்கே நுணுக்குக்காட்டிக்குக் கீழே கையை வைத்து, தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு அறுபது கருவி. கை நடுங்கினால் கருவி குப்பைக்குப் போகும். அவளுடைய கருவிகள் குப்பைக்குப் போனதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் ரீவி ரிமோட்டுக்குப் பற்றரி மாற்றுவதுகூடக் கணவர் விக்னராஜாவின் இலாகா. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து வயர் உள்ள சாமான் எல்லாம் அவருடையது, தண்ணீர் உள்ள சாமான் எல்லாம் அவளுடையது என்று ஒரு ஒழுங்கு தானாக வந்து நின்றுவிட்டது.

விக்னராஜாவுக்கு செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்தில் வேலை. எந்த ரயில் எந்த மேடைக்கு வரும், எங்கே இறங்கி மாறவேண்டும், எத்தனையாவது பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேரே இறங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு வழி சொல்லுவார். தண்டவாளம் இல்லாத இடத்தில்தான் சிக்கல். காரில் ஏறினால் ஐந்து கிலோமீற்றருக்குள் தொலைந்துபோவார். தொலைந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "இது கொஞ்சம் சுத்துப் பாதை. ஆனா ட்ரபிக் இல்லை" என்பார்.

இந்த மனிதர்தான் 2011ஆம் ஆண்டின் கடைசியில், ஜப்பானிலிருந்து இறக்கிய எட்டு இருக்கை வான் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஏழு வருடம் ஓடிய வண்டி. ஒரு கீறல் இல்லை. பொத்தானை அமத்தினால் பக்கத்துக் கதவு தானாகத் திறக்கும். நடுவில், நோட்டுக் கொப்பி அளவில், வண்டி செய்தவர்களே பதித்து அனுப்பிய திரை ஒன்று. அதில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து.

"உது ஒண்டுமில்லை, ரெண்டு நாளில பிடிபட்டிடும்" என்றார் விக்னராஜா.

பிடிபட்டது கொஞ்சம்தான். இடது மூலையில் இருந்த சதுரத்தைத் தொட்டால் குளிர் காற்று, அதற்குக் கீழே இருந்ததைத் தொட்டால் சூடு. நடுவில் இருந்ததைத் தொட்டால் பின் இருக்கைக்காரரின் காலுக்கு மட்டும் காற்று போகும். அதை நிறுத்துவது எப்படி என்று கடைசிவரை தெரியவில்லை. வழிகாட்டும் வரைபடமும் இருந்தது. ஆனால் அந்த வரைபடத்துக்கு ஜப்பானைத் தவிர வேறு நாடு தெரியாது. ஆகவே திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு. வான் விண்ட்சர் றோட்டில் போனாலும் பராமாட்டாவில் போனாலும், திரையைப் பொறுத்தவரை அது ஆழ்கடலில் ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு ஒரு குரலும் இருந்தது. ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் ஒரு பெண் மிகவும் பணிவாக ஒரு வசனம் சொல்லுவாள். விக்னராஜா அது நல்வாழ்த்து என்று முடிவுசெய்திருந்தார். பயணம் நல்லபடி அமையட்டும் என்கிறாளாம். "ஓம் ஓம், நன்றி" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

2012 பங்குனியில் நடந்த ஒரு சம்பவம்தான் எல்லாவற்றையும் தொடக்கியது. விக்னராஜாவோடு வேலை செய்கிற ஒருவரின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. பிளாக்டவுன் பக்கம் ஒரு மண்டபம். வழக்கம்போலச் சுத்துப் பாதையில் போய், முக்கால் மணித்தியாலம் பிந்தி, ஒரு மண்டப வாசலில் வானை நிறுத்தினார்கள். வாசலில் தமிழ் ஆட்கள் நின்றார்கள். உள்ளே பலூன் கட்டியிருந்தது. யாரோ கையைப் பிடித்து, "வாங்கோ வாங்கோ, முதல் சாப்பிடுங்கோ" என்று இருத்தினார்கள். ரோல்ஸ், பற்றிஸ், சோறு, கறி எல்லாம் வந்தன. பரிசுப் பொதியை யோகா மேசையில் வைத்தாள். படம் எடுக்கக் கூப்பிட்டபோது மேடைக்கு ஏறினார்கள். அங்கே பிள்ளையைக் காணவில்லை. மாலை போட்டுக்கொண்டு, மினுமினுத்த வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு அன்றைக்கு அறுபதாவது பிறந்தநாள்.

சிரித்தபடி படத்துக்கு நின்றுவிட்டு இறங்கினார்கள். வெளியே வந்து வானில் ஏறினார்கள்.

"சாப்பாடு நல்லா இருந்தது" என்றார் விக்னராஜா.

"அந்தப் பொதிக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"என்ன?"

"தலைமயிர் நேராக்கிற மெஷின்."

சரியான மண்டபம் அடுத்த தெருவில் இருந்தது. அங்கே போனபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிழமையே யோகா ஒரு முடிவுக்கு வந்தாள். கன்பெராவில் படிக்கும் மகள் புதுப் போன் வாங்கியபோது பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். அதில் வழி காட்டும் வசதி இருந்தது. நல்ல தெளிவாகவே காட்டியது. ஆனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓடினால் பொலிஸ் தண்டம். கண்ணாடியில் ஒட்டிவைத்தால் முதல் வளைவில் கழன்று விக்னராஜாவின் காலடியில் விழும். யோகா பக்கத்தில் இருந்து பார்த்துச் சொன்னால், "இவ்வளவு நேரமும் சொல்லாமல் இப்ப சொல்லுறீர்" என்று சண்டை வரும். இந்தப் போனில் தெரிகிற படத்தை அந்தப் பெரிய திரையில் காட்டமுடிந்தால் என்ன? கடலைக் காட்டிக்கொண்டு சும்மாதானே இருக்கிறது.

முதலில் கடைக்குப் போனார்கள். கார் ரேடியோ பூட்டிக்கொடுக்கும் இளைஞன் ஒருவன் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் திரை போடுங்கள் என்றான். குளிர்க் காற்றை எதால் இயக்குவது என்று யோகா கேட்டாள். அவன் யோசித்தான். குளிர்க் காற்றும் அந்தத் திரைக்குள்தானே இருக்கிறது. அதை எடுத்தால் அதுவும் போய்விடும் என்றான். மேற்கு சிட்னியின் தை மாத வெயிலில் குளிர்க் காற்று இல்லாத வானை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்தபடியாக வெங்கட்ராமன் வந்தார். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். கும்பகோணத்துக்காரர், கணினி நிறுவனத்தில் மனேஜர். எதற்கும் ஒரு அட்டவணை போடாமல் அவரால் இருக்கமுடியாது. வானை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே ஆறு வழிகளும் அவற்றின் நன்மை தீமைகளும் அடங்கிய அட்டவணை ஒன்றை ஈமெயிலில் அனுப்பினார். ஆறாவது வழி, வானை விற்றுவிடுவது.

"சார், ஆக்சுவலா எல்லாமே சிம்பிள்தான் சார். ஆனா ஒரு எக்ஸ்பர்ட் வேணும்" என்றார்.

எக்ஸ்பர்ட்டைத் தேடுவதில் ஒரு மாதம் போனது. அந்த மாதத்தில் ஒருநாள், சாப்பாட்டு இடைவேளையில் யோகா இன்ரர்நெற்றில் ஒரு வீடியோ பார்த்தாள். நியூசிலாந்துக்காரன் ஒருவன். அதே வான், அதே திரை. முன் பலகையைக் கழற்றி, திரையின் முதுகில் வீடியோ டெக் கொழுவுவதற்கென்று செய்தவர்கள் விட்டுவைத்த ஒரு துவாரத்தைக் கண்டுபிடித்து, அதில் ஒரு வயரைப் பற்றவைத்தான். போனிலிருந்து வரும் படத்தை ஒரு சின்னப் பெட்டி பழைய ரீவிக்குரிய படமாக மாற்றி அந்த வயருக்குள் அனுப்பியது. திரையில் போன் தெரிந்தது. யோகாவை ஆச்சரியப்படுத்தியது அதுவல்ல. அவன் ஈயம் வைத்த விதம். கை ஆடியது. ஒரு கம்பிக்குப் போதுமான இடத்தில் உருண்டை உருண்டையாக அப்பியிருந்தான். பக்கத்துக் கம்பியிலும் முட்டியிருந்தது. யோகா தாங்கமாட்டாமல் இரண்டு தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். இப்படி ஒட்டினவனுக்கே படம் வந்திருக்கிறதே என்று நினைத்தாள்.

அன்றைக்கே பெட்டியையும் வயரையும் சீனாவிலிருந்து வரவழைக்க ஓடர் கொடுத்தாள். விக்னராஜாவிடம் சொல்லவில்லை.

விக்னராஜாவுக்குக் காலை வேலையாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யோகா கராஜில் வானின் முன் பலகையைக் கழற்றினாள். பிளாஸ்ரிக் துண்டுகள் ஒவ்வொன்றும் டக் டக்கென்று கழன்று வந்தன. பன்னிரண்டு குழி கேக் தட்டை எடுத்துவைத்து, எந்தத் துண்டின் ஆணி எந்தக் குழி என்று வரிசையாகப் போட்டாள். சீனாவிலிருந்து வந்த வயரின் முனை அந்தத் துவாரத்துக்குப் பொருந்தவில்லை. எதிர்பார்த்ததுதான். முனையை வெட்டி, நான்கு கம்பிகளையும் பிரித்து, குளியலறையில் விக்னராஜா மீசை வெட்டும்போது பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து நிமிர்த்திவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். காது கேட்கும் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் இது கப்பல் கயிறு மாதிரித்தான்.

முதலில் வந்தவர் வெங்கட்ராமன். கையில் கோப்பி. கராஜ் வாசலில் நின்று, கழற்றிப் பரப்பியிருந்ததைப் பார்த்தார்.

"மேடம், என்ன இது? நீங்க தொடாதீங்க மேடம். வாரண்டி போயிடும்."

"இந்த வானின்ர வாரண்டி ஜப்பானிலயே எப்பவோ முடிஞ்சுது, தம்பி. அந்த லைற்றைக் கொஞ்சம் இஞ்சால பிடியுங்கோ."

வெங்கட்ராமன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு லைற்றைப் பிடித்தார். ஒரு மணித்தியாலம் அசையாமல் பிடித்தார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு மணிக்கு விக்னராஜா வந்தார். சீருடையோடு கராஜ் வாசலில் நின்றார். வான் இருந்தது. அதன் முகம் இருக்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை. அதிலிருந்து வயர்கள் தொங்கின. அவருடைய மனைவி மீசைக் கண்ணாடியோடு முன் இருக்கையில் குந்தியிருந்தாள்.

"யோகா" என்றார்.

"குசினியில சோறு மூடி வச்சிருக்கு. சாப்பிட்டிட்டு வாங்கோ. அதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்துக்கொண்டே நின்றார். நாலு மணிக்குக் கடைசித் துண்டும் பொருந்தியது. கேக் தட்டின் குழிகள் காலி. யோகா போனைக் கொழுவினாள். திரையில் நீலம் மறைந்தது. ஒரு கணம் கறுப்பு. பிறகு டூங்கபி வந்தது. தெருக்கள், பூங்கா, ரயில் பாதை, அவர்களுடைய வீட்டின் மேல் ஒரு புள்ளி.

வெங்கட்ராமன் கைதட்டினார். விக்னராஜா சாரதி இருக்கையில் ஏறி, தன் தெருவை விரலால் தொட்டுப் பார்த்தார். போனைக் கொழுவியது தானல்ல என்பதை அவர் அந்த நேரம் மறந்திருந்தார்.

"பாத்தியளோ, சரி வருமெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்று வெங்கட்ராமனிடம் சொல்லிவிட்டு, வானைப் பின்னுக்கு எடுத்தார்.

ஒரு மீற்றர் உருண்டிருக்காது. படம் போய்விட்டது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி ஜப்பான் எழுத்து. நிறுத்திக் கைப் பிறேக்கைப் போட்டார். படம் வந்தது. பிறேக்கை எடுத்து உருட்டினார். போனது. இப்படி ஐந்தாறு தரம். வான் வீட்டு வாசலில் நிற்கும்போது உலகத்துக்கே வழி காட்டியது. புறப்பட்டால் காட்டாது.

"சார், ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓரமா நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மேப் பாத்துக்கிட்டுப் போலாம்" என்றார் வெங்கட்ராமன்.

அவர் பகிடியாகச் சொன்னாரோ என்னவோ, விக்னராஜா ஒரு கிழமை அப்படித்தான் ஓடினார். பிளாக்டவுனுக்குப் போக ஐம்பது நிமிடம் எடுத்தது. ஆனால் தொலையவில்லை. அந்தப் பெருமையில் நேரம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

யோகாவுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையிடத்தில் பரிசோதனைப் பகுதியில் ஹருமி என்றொரு ஜப்பானியப் பெண் இருந்தாள். இருபது வருடமாக சிட்னியில் இருப்பவள், அதிகம் பேசமாட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை யோகா வானை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் ஹருமியைக் கூட்டிக்கொண்டு கார்த் தரிப்பிடத்துக்கு வந்தாள். சாவியைத் திருப்பினாள். குரல் வழக்கம்போலப் பணிவாகத் தன் வசனத்தைச் சொன்னது.

ஹருமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்தப் பெண் வாழ்த்தவில்லையாம். நெடுஞ்சாலைக் கட்டணம் அறவிடும் கார்ட் உள்ளே போடப்படவில்லை என்று சொல்கிறாளாம். கார்ட் போடும்வரை ஒவ்வொரு முறையும் சொல்லுவாளாம். யோகா வானை மெதுவாக முன்னுக்கு உருட்டி, அந்த வரியைக் காட்டினாள். ஹருமி படித்தாள். பாதுகாப்புக் கருதி, வண்டி ஓடும்போது படம் காட்டப்படமாட்டாது.

காரணம் நியாயமானதுதான் என்று யோகா நினைத்தாள். சாரதி படம் பார்த்துக்கொண்டு ஓடக்கூடாது என்று யாரோ ஒரு ஜப்பான்காரர் இருந்து யோசித்திருக்கிறார். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதைத் திரைக்கு ஒரு வயர் சொல்கிறது. அந்த வயரைத் திரைக்குப் பின்னால் எங்கேயோ தானே கண்டதாக அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று பின்னேரம் குசினியில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது விக்னராஜாவிடம் விஷயத்தைச் சொன்னாள். வயரைப் பற்றிச் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப அவள் இவ்வளவு மாசமும் என்னட்டைக் கார்ட்டோ கேட்டவள்?"

"ஓம்."

"நான் ஒவ்வொரு நாளும் நன்றி சொன்னனான்."

"அவளுக்கு அது விளங்கியிராது. கவலைப்படாதேங்கோ. சத்தத்தை நிப்பாட்டுறது என்னெண்டு ஹருமி காட்டித் தந்தவள். நிப்பாட்டிவிடட்டோ?"

விக்னராஜா தேத்தண்ணியை முடித்தார். "வேண்டாம்" என்றார். "இருக்கட்டும். அவள் தன்ர வேலையைத்தானே செய்யிறாள்." டிக்கெட் இல்லாமல் வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பணிவாக டிக்கெட் கேட்கிற மனிதர் அவர்.

வெங்கட்ராமன் போக்குவரத்துச் சட்டத்தைத் தேடிப் படித்து, இரண்டு பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்தார். வழி காட்டும் படம் சாரதிக்கு முன்னால் இருக்கலாம். சினிமா, ரீவி எதுவும் கூடாது. யோகா அதை வாசித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பலகையைக் கழற்றி, ஓடும்போதும் படம் நிற்காதபடி அந்த வயரைத் திருத்தினாள். இந்தத் தரம் நாற்பது நிமிடம். கூடவே ஒரு சட்டமும் போட்டாள். போன் இருக்கும் இடம் இடதுபக்கத்து முன் பெட்டிக்குள். பெட்டி மூடியிருக்கும். எதைத் திரையில் விடுவது என்பதை இடதுபக்கத்தில் இருக்கிறவர் தீர்மானிப்பார்.

"கிரிக்கெட் ஸ்கோரையாவது..." என்றார் விக்னராஜா.

"கிரிக்கெட் பாக்கிறதெண்டா வீட்டில ரீவி இருக்கு."

முதல் பெரிய பயணம் வெங்கட்ராமனுடைய புது வீட்டுக்கே அமைந்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு கட்டி முடித்து, ஒரு சனிக்கிழமை கிருகப்பிரவேசம் வைத்திருந்தார். ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். யோகா போனைக் கொழுவி, பெட்டியை மூடினாள். டூங்கபியிலிருந்து ஒரு நீலக் கோடு நெளிந்து நெளிந்து போய் அந்த வீட்டில் முடிந்தது. இடதுபக்கம் திரும்பச் சொல்லி ஆங்கிலக் குரல் சொன்னது. விக்னராஜா நேரே போனார்.

"இவளுக்கு இந்தப் பக்கம் தெரியாது. நான் குறுக்கால போறன்."

குரல் கோபிக்கவில்லை. புதிதாக ஒரு கோடு போட்டுத் திரும்பச் சொன்னது. இரண்டாவது தரமும் அவர் நேரே போனார். மூன்றாவது கோடு, வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னது. விக்னராஜா ஓரமாக நிறுத்தி, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார். அதன் பிறகு சொன்ன இடத்தில் எல்லாம் திரும்பினார். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புது வீட்டின் முன்னால் வான் நின்றது.

கலியாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் அவர்கள் ஒரு விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. நேரத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வேறு ஒரு விருந்தாளியும் வந்திருக்கவில்லை. வெங்கட்ராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாவிலைத் தோரணத்தோடு ஏணியில் நின்றார். அவருடைய மனைவி மோனிகா பட்டுச்சேலையோடு விளக்குமாறு பிடித்திருந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா சார். அந்தச் சேரையெல்லாம் கொஞ்சம் உள்ள போட்டுடுங்க."

விக்னராஜா அறுபது கதிரையையும் தூக்கத் தொடங்கினார். யோகா தேங்காய் உடைத்தாள். ஒன்பதே காலுக்கு வெங்கட்ராமனின் போன் அடித்தது. ஏணியில் நின்றபடியே எடுத்தவர், கையில் இருந்த தோரணத்தை விட்டுவிட்டார். ஐயர் வழி தெரியாமல் நிற்கிறாராம். புதுக் குடியிருப்பு; தெருக்களெல்லாம் ஒன்றுபோல இருந்தன. ஒரு பெற்றோல் நிலையம் தெரிகிறது, குதிரை நிற்கிற வெளி ஒன்று தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை என்கிறாராம்.

"அவர் வரலைன்னா முகூர்த்தம் போயிடும்" என்றாள் மோனிகா. அழுகிற மாதிரி இருந்தது.

விக்னராஜா எட்டுக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவாசலில் நின்றார். முன்னுக்கும் போகமுடியவில்லை, பின்னுக்கும் போகமுடியவில்லை. யோகா அவருடைய சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அவரை அதிலயே நிக்கச் சொல்லுங்கோ. அசையவேண்டாம். நான் போட்டு வாறன்."

அந்த வானை அவள் வேலைக்கு ஓடியிருக்கிறாளே தவிர, தெரியாத இடத்துக்குத் தனியே ஓடியதில்லை. பக்கத்தில் உள்ள பெற்றோல் நிலையங்களைத் தேடச் சொல்லிப் போனில் தட்டினாள். திரையில் மூன்று புள்ளிகள் வந்தன. இரண்டு, கடைகள் நெருங்கிய தெருவில். ஒன்று மட்டும் வெளிகளுக்குப் பக்கத்தில். அதைத் தொட்டுவிட்டுப் பெட்டியை மூடினாள். ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். வெயிலில், சிறிய வெள்ளைக் காருக்குப் பக்கத்தில், மஞ்சள் பையோடு ஐயர் நின்றுகொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் இரண்டு குதிரைகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன.

"காரை விட்டிட்டு இதில ஏறுங்கோ ஐயா. பிறகு வந்து எடுக்கலாம்."

ஐயர் ஏறினார். ஒன்பதே முக்காலுக்கு வீட்டு வாசலில் இறங்கினார். யோகா வானைப் பூட்டிவிட்டு உள்ளே போனபோது மோனிகா ஓடிவந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் யோகாவின் வளையல் அமுங்கி வலித்தது. அந்த வலி இரண்டு நாள் இருந்தது. அதைத் தடவிப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

சாப்பாட்டின்போது கதை பரவியது. வெங்கட்ராமன் அதை நன்றாகவே சொன்னார்; லைற் பிடித்த பகுதியை மட்டும் கொஞ்சம் நீட்டினார். அவரோடு வேலை செய்யும் ரிஸ்னா என்ற பெண் இலையோடு எழும்பி வந்து யோகாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கொழும்பில் பிறந்து ஓபர்னில் குடியிருப்பவள். அவளுடைய கணவர் ருஷ்தியும் இதே மாதிரி வான் வைத்திருக்கிறாராம். அந்த வானும் சாவி திருப்பினால் ஏதோ சொல்கிறதாம்.

"அன்ரி, அது என்ன சொல்லுது எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா உம்மட மனுசன் அதைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறார் எண்டு முதல் கேட்டிட்டு வாரும்."

ருஷ்தியின் வானை ஆனியில் செய்தாள். ஆடியில் இரண்டு. ஆள் ஆளுக்குச் சொல்லி, ஜப்பான் வான் வைத்திருந்த தமிழ் ஆட்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் டூங்கபிக்கு வரத் தொடங்கினார்கள். விக்னராஜா கேக் தட்டுக்குப் பொறுப்பெடுத்தார். ஒவ்வொரு குழிக்கும் ரயில் மேடை மாதிரி இலக்கம் ஒட்டினார். தட்டை யாராவது தட்டிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். வந்தவர்கள் வழி கேட்டால், யோகா திரையைக் காட்டுவாள். அவர் வாயால் சொல்லுவார். வாயால் சொன்னதைக் கேட்டுப் போனவர்கள் சிலர் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

கார்த்திகையில், மெல்பேர்ன் பக்கத்து டண்டினொங்கிலிருந்து நாகராஜன் போன் எடுத்தார். விக்னராஜாவோடு கொழும்பில் ஒன்றாக வேலை பார்த்தவர். அவரிடமும் அவருடைய நண்பர்கள் மூன்று பேரிடமும் இப்படியான வான்கள் இருந்தன.

"அந்த வயரைத் தபாலில அனுப்பிவிடுங்கோ, தங்கச்சி. நாங்கள் பூட்டிக்கொள்ளுறம்" என்றார்.

"வயரை அனுப்பலாம், அண்ணை. கையை அனுப்பேலாது. கிறிஸ்மஸ் லீவுக்கு முதல் நாங்களே வாறம்."

அடுத்த நாள் வேலையிடத்தில் ஒரு கிழமை விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தாள். வான் திரையைப் பற்றி எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது. ஆங்கிலத்தில், "மெல்பேர்னில் வேலை" என்று மட்டும் எழுதினாள்.

பத்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் ஓடிவந்தார். பீற்றர் என்கிற உயரமான மனிதர். கையில் அவளுடைய விடுப்புப் படிவம். தேநீர் அறையில் அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வேலையை விட்டுப் போகவேண்டாம் என்றார். அவளைப்போல ஒரு கை இந்தத் தொழிற்சாலையில் இல்லை என்றார். அவள் ஒட்டிய கருவி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்றும், புதிதாக வருகிறவர்களுக்கு அவள் செய்ததைத்தான் மாதிரியாகக் காட்டுவதாகவும், மெல்பேர்ன்காரர்கள் என்ன தருகிறார்களோ அதைப் பற்றி மேலிடத்தில் தான் பேசுவதாகவும் சொன்னார்.

யோகா உடனே விளக்கம் சொல்லவில்லை. பதினாலு வருடத்தில் அந்த மனிதர் அவளைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டு, கோப்பை முடியும்வரை அவரைப் பேசவிட்டாள்.